எதிர்க்கட்சி நிறம் மாறாத நாள்

இந்த எண்பதுகளின் தொடக்கத்தில், ஓய்வுபெற்று மூன்று மாதம் கழித்துத்தான், என் உத்தியோக காலம் முழுவதும் நான் மரபணு ஆராய்ச்சி செய்திருக்கிறேன் என்ற விஷயம் எனக்குத் தெரியவந்தது. அதுவரை சலமும் மலமும் இரத்தமும் சோதித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில்தான் அரசாங்கமும் சம்பளம் தந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவர் தவராசா. திருகோணமலை ஆசுப்பத்திரி ஆய்வுகூடத்தில் நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருப்பவர். பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புவெளியில் என் வீட்டுக்குச் சைக்கிளில் வந்து, பொலித்தீன் பையிலிருந்து ஏதாவதொரு ஆராய்ச்சிக் கட்டுரையின் பிரதியை எடுப்பார். "அண்ணை, உங்களுக்கு இது சுகமா விளங்கும்" என்று தொடங்குவார். விளங்காது என்பது இருவருக்கும் தெரியும். என் பெண்சாதி தேத்தண்ணீர் கொண்டுவரும்வரை அந்த மரியாதையை இருவரும் காப்பாற்றுவோம்.

அன்று அவர் கொண்டுவந்த சங்கதி ஹிஸ்டோன். நம் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றனவாம். ஈரலிலும் அதே தொகுதி, கால் நகத்தடியிலும் அதே தொகுதி. அப்படியானால் கால் நகம் ஏன் பித்தம் சுரப்பதில்லை என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். ஓய்வுபெற்றவன் எதைக் கேட்டாலும் நல்ல கேள்வி என்றுதான் சொல்வார்கள்.

அவர் விளக்கியது இதுதான். மரபணுக்கள் இருக்கும் நூல் மிக நீளமானது. அது ஹிஸ்டோன் என்ற புரதக் கட்டைகளில் நூற்கட்டையில் போலச் சுற்றப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டையிலிருந்தும் சின்ன வால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வாலில் நேர் மின்னேற்றம், நூலில் எதிர் மின்னேற்றம். ஆகவே வால் நூலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இறுக்கிப் பிடித்த இடத்தில் உள்ள மரபணுவைக் கலத்தின் இயந்திரங்களால் வாசிக்க ஏலாது. அது நிறுத்தப்பட்ட மரபணு. அந்த வாலில் அசெற்றைல் என்ற ஒரு துணுக்கை ஒட்டினால் மின்னேற்றம் போய்விடும், பிடி தளரும், நூல் விலகும், வாசிப்பு தொடங்கும். துணுக்கைப் பிடுங்கினால் மறுபடியும் இறுக்கம். ஒட்டுவதற்கும் பிடுங்குவதற்கும் தனித்தனி ஆட்கள் கலத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். மெதைல், பொசுபேற்று என்று வேறு துணுக்குகளும் ஒட்டப்படுகின்றன. அவை எதற்கு என்று இன்னும் சரியாகப் பிடிபடவில்லையாம்.

எனக்கு உடனே பிடிபட்டது. அரசாங்க அலுவலகமான கச்சேரியின் அலுமாரியில் எல்லா ஊரவரின் காகிதக் கோவைகளும் இருக்கின்றன. எல்லாம் நாடா போட்டு இறுக்கிக் கட்டியவை. எவருடைய கோவையில் எம்.பி.யின் துண்டுக் கடிதம் ஒன்று செருகப்படுகிறதோ, அவருடைய நாடா தளர்கிறது, கோவை வாசிக்கப்படுகிறது, பையனுக்கு வேலை கிடைக்கிறது. ஆட்சி மாறினால் பழைய துண்டுகளைப் பிடுங்குவதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். கோவையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது துண்டு மட்டும்தான்.

"அண்ணை, இது விஞ்ஞானம். துண்டு அரசியல்" என்றார் தவராசா, சற்று மனம் நொந்து.

"தம்பி, நீர் இந்த வேலைக்கு எப்பிடி வந்தனீர்?" என்று கேட்டேன்.

கட்டுரையைப் புரட்டி அடுத்த பக்கத்துக்குப் போனார். இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அவரும் அந்த உவமையைத்தான் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்வி.

ஆனால் மனிதர் நேர்மையானவர். துண்டு ஒட்டியதால் கட்டுத் தளர்கிறதா, தளர்ந்திருக்கும் கட்டில்தான் எல்லோரும் வந்து துண்டு ஒட்டுகிறார்களா என்று ஆராய்ச்சிக்காரர்களுக்கே இன்னும் சண்டை தீரவில்லை என்பதையும் சொன்னார். ஊசிப்போன வெண்ணெயில் நாறுகிற அமிலம் ஒன்றைக் கலங்களில் ஊற்றினால் துண்டு பிடுங்குகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார். அந்த மணத்தை எங்கள் ஆய்வுகூடத்தில் பல காலம் வெண்ணெய் இல்லாமலே அனுபவித்திருக்கிறேன். பிறகு, கிளம்பும்போது, ஒரு மரபணு நிறுத்தப்படுவதை நேரில் பார்த்ததுண்டா என்று வேடிக்கையாகக் கேட்டார்.

நிறுத்தப்படாமல் விடப்பட்டதைப் பார்த்திருக்கிறேன் என்றேன். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சி கொழும்பில் நடந்தது. இரத்தம் எடுக்க, எடுத்த குழாயை உடைக்காமல் கொண்டுபோக, உடைந்தால் யாருடைய பெயரைச் சொல்லலாம் என்று தீர்மானிக்கப் படித்தேன். பிறகு சொந்த ஊரான திருகோணமலைக்கே அனுப்பினார்கள். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது கைமாறி வந்த குளிர்ப்பெட்டி ஒன்று எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்தது. சுதந்திரத்தால் எங்களுக்குக் கிடைத்த பலன் அது ஒன்றுதான். அதுவும் குளிர்கிற விஷயத்தில் தன்னாட்சி கேட்டுக்கொண்டிருந்தது. சில வருடங்களில் கொழும்பிலிருந்து சுற்றுநிருபங்கள் சிங்களத்தில் மட்டும் வரத்தொடங்கின. எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆகவே மிகுந்த மரியாதையுடன் நாடா போட்டுக் கட்டி வைத்தோம். எல்லாக் கட்டளையும் எங்களிடம் இருந்தது, ஒன்றும் வாசிக்கப்படவில்லை. தவராசாவின் ஹிஸ்டோன் இதைவிடத் திறமாக எதையும் செய்துவிடப் போவதில்லை.

எங்கள் தலைவர் டொக்டர் அருளம்பலம். நோயியல் நிபுணர். ஆசுப்பத்திரி முழுவதிலும் நம்பக்கூடிய வெள்ளை நிறம் அவருடைய சேட்டுச் சட்டை ஒன்றுதான் என்பது அவருடைய அபிப்பிராயம். ஆகவே நிறம் பார்க்கும் சோதனை எதுவானாலும் யன்னலோரம் வந்து நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். நாங்கள் குழாயை அவருடைய நெஞ்சுக்கு முன்னால் பிடித்து நிறம் சொல்லவேண்டும். எது எவருடைய குழாய் என்று எங்களுக்குத் தெரியக்கூடாது. பெயரின் மேல் பிளாஸ்ரர் ஒட்டி மறைத்துவிடுவார். தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும் என்பார். மேலதிகாரியின் நெஞ்சை முறைத்துப் பார்த்துச் சம்பளம் வாங்கிய ஆட்கள் இந்தத் தீவில் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு இருந்தது. ஒரு குழாயை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது. முடிவு எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரிந்த இன்னொரு இரத்தத்தையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்கவேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் எதிர்க்கட்சி. "எதிர்க்கட்சி இல்லாத தீர்ப்பு எனக்கு வேண்டாம்" என்பார். அந்த எதிர்க்கட்சி சோதனை செய்பவரின் சொந்த விரலிலிருந்து வரவேண்டும் என்பது சட்டம். ஊசி குத்துகிறவனுக்கு ஊசியின் நோவு மறந்துபோகக்கூடாதாம்.

இங்கேதான் எனக்கொரு சிக்கல். ஊரில் பாதிப் பேரின் விரலைக் குத்தியவன் நான். என் விரலுக்குக் கிட்ட ஊசி வந்தால் மட்டும் சுவர் சுற்றத் தொடங்கும். இது ஆசுப்பத்திரி முழுவதற்கும் தெரிந்த விஷயம்; மிஸிமார் என்ற தாதிமார் புதிதாக வரும் மிஸிக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். ஆகவே என் எதிர்க்கட்சி எப்போதும் பக்கத்தில் அகப்பட்டவரின் இரத்தமாகவே இருந்தது.

சம்பவம் அறுபதுகளில், ஒரு மாரி காலத்துக் காலையில். மூதூரிலிருந்து வரும் லோஞ்சுப் படகில் பரீதா என்ற இளம்பெண் பிறந்து இரண்டு நாளான குழந்தையோடு வந்திறங்கினாள். தலைப்பிள்ளை. வீட்டில் பிறந்தது. கூட வந்தவர் புருசனின் அக்கா, பரீதாவுக்கு மதினி. லோஞ்சில் வந்தவர்கள் எல்லோருக்கும் இறங்குமுன்பே முழுக் கதையும் தெரிந்திருந்தது. மதினியின் குரல் அப்படிப்பட்டது. குழந்தை விடிய எழும்பி இரத்தமாக வாந்தி, எங்கள் பேச்சில் சத்தி, எடுத்திருக்கிறது. சிவந்த இரத்தம். துணியில் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

பிள்ளைகள் வாட்டுக்கு அப்போது டொக்டர் குலசிங்கம் வந்து சில மாதம்தான். யாழ்ப்பாணத்து இளைஞர், நல்ல கெட்டிக்காரர், நித்திரை கொள்ளாதவர். குழந்தையின் வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்றால் இங்கே வைத்திருக்க ஏலாது, கண்டிக்கு அனுப்பவேண்டும் என்றார். பால் கொடுக்கக்கூடாது என்று கட்டளையிட்டார். நோயாளர் வண்டியை ஆயத்தம் செய்யச் சொன்னார்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு நிற்கத் தெரியாத நாட்களும் இருந்தன, கிளம்பத் தெரியாத நாட்களும் இருந்தன. அன்று கண்டிக்குப் போகும் வழியில் கந்தளாய்ப் பக்கம் தெருவின் மேலால் வெள்ளம் ஓடுகிறது என்று பஸ்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் குழந்தை, பாலும் இல்லாமல், அந்த வண்டியில், அந்தத் தெருவில். வயிற்றுக்குள் கசிவது உண்மையானால் அனுப்பாவிட்டால் செத்துப்போகும். உண்மையில்லாவிட்டால் அனுப்பினால் செத்துப்போகும். எது உண்மை என்று சொல்லவேண்டியது எங்கள் ஆய்வுகூடம். குழந்தையோ பசியில் வாட்டே அதிரக் கத்திக்கொண்டிருந்தது. நடைவழி கடந்து எங்களுக்கும் கேட்டது.

இதற்கென்றே அப்போது ஒரு சோதனை வந்திருந்தது. குழந்தை சத்தி எடுக்கிற இரத்தம் குழந்தையினுடையதாகவும் இருக்கலாம், பிறக்கும்போதோ பால் குடிக்கும்போதோ விழுங்கிய தாயினுடையதாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு. ஆனால் கர்ப்பத்திலிருக்கும் பிள்ளையின் ஈமோகுளோபின் வேறு வகை. தாயின் இரத்தத்திலிருந்து ஒட்சிசனைப் பறித்தெடுக்கவேண்டியதால் அதற்குப் பிடி கூட. பிறந்த பிறகு அந்த வகையைச் செய்கிற மரபணு மெல்ல மெல்ல நிறுத்தப்பட்டு, பெரியவர்களின் வகை தொடங்கும். சில மாதத்தில் மாற்றம் முடிந்துவிடும். காரத்தை ஊற்றினால் பெரியவர்களின் இரத்தம் ஓரிரு நிமிடத்தில் மண்ணிறமாகிவிடும். பிள்ளையின் இரத்தம் ரோசா நிறத்திலேயே அசையாமல் நிற்கும்.

இரத்தம் கறுத்துப்போயிருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். புதுச் சிவப்பாக இருக்கவேண்டும். துணியில் சிவந்திருந்த இடத்தைத் தேர்ந்து வெட்டித் தண்ணீரில் ஊறவைத்தேன். கையால் சுழற்றும் இயந்திரத்தில் போட்டுச் சுற்றி, மேலே தெளிந்த ரோசா நீரை மட்டும் எடுத்தேன். அடுத்தது எதிர்க்கட்சி. அற்றெண்டன் தேத்தண்ணீருக்குப் போயிருந்தான். என் விரல் பற்றிய விஷயம் உங்களுக்குத் தெரியும். குழாய்த் தாங்கியில் பரீதாவின் இரத்தம் இருந்தது. இரத்த வகை பார்க்க அனுப்பியது. நன்கு வளர்ந்த பெண்ணின் இரத்தம், எதிர்க்கட்சிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அதை எடுத்தேன். இரண்டிலும் காரத்தை விட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

சத்தி நிறம் மாறவில்லை. எதிர்க்கட்சியும் மாறவில்லை.

இந்த நாட்டில் எதிர்க்கட்சி நிறம் மாறாமல் இருந்தால் எவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். போத்தலை முகர்ந்து பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன். காரம் காற்றுப்பட்டுப் பழுதாகியிருக்கவேண்டும் என்று முடிவுகட்டி டொக்டர் அருளம்பலத்தைக் கூப்பிட்டேன்.

"எதிர்க்கட்சி ஆரின்ர ரத்தம்?" என்றார்.

"தாயின்ர, ஐயா."

"உம்மட விரலுக்கு என்ன?"

"விரல் சுகமா இருக்கு, ஐயா."

"விரலைச் சுகம் விசாரிக்க நான் வரேல்லை."

அதற்குள் டொக்டர் குலசிங்கம் வந்துவிட்டார். முதல் குழாயைப் பார்த்தார், ரோசா. போதும் அவருக்கு. "பிள்ளையின்ர ரத்தம்தான், ஐயா. நான் வண்டியை எடுக்கச் சொல்லுறன்."

"எதிர்க்கட்சியும் மாறேல்லை. இதில தீர்ப்பு இல்லை."

"ஐயா, எதிர்க்கட்சி மாறுமட்டும் அந்தப் பிள்ளை இருக்காது."

டொக்டர் அருளம்பலம் என் மேசையிலிருந்த ஊசியை எடுத்துத் தன் விரலில் தானே குத்தினார். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டேன். அவருடைய இரத்தத்தைத் தண்ணீரில் கலந்து, அதே போத்தலிலிருந்து காரம் விட்டோம். ரோசா கலங்கியது, மஞ்சளானது, மண்ணிறமாகிவிட்டது. போத்தலில் ஒரு பிழையும் இல்லை.

பரீதாவின் குழாயை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். இப்போது கூர்ந்து பார்த்தால் அது சுத்தமான ரோசா அல்ல, கலங்கல் ரோசா. "இந்தப் பிள்ளை இன்னும் பழைய ரத்தத்தை விடேல்லை" என்றார் மெதுவாக. பிறந்த பிறகும் குழந்தை வகை ஈமோகுளோபின் நின்றுபோகாத குடும்பங்கள் சில உண்டு என்று வாசித்திருக்கிறாராம். ஆட்களுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. தங்களுக்குள் இப்படி இருப்பது தெரியாமலே கிழவராகிவிடுவார்கள்.

(தவராசா இந்த இடத்தில் என்னை நிறுத்தி, அப்படிச் சில குடும்பங்களில் அந்த மரபணுவுக்குப் பக்கத்தில் நூலிலேயே ஒரு பகுதி குறைந்திருப்பதை இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். இறுகவேண்டிய கட்டு இறுகாமல் போக அதுதான் காரணமோ என்று யோசிக்கிறார்களாம். எப்படி என்று கேட்டேன். அடுத்த கட்டுரை வரட்டும் என்றார்.)

"அப்ப இந்தச் சோதனையால ஒண்டும் சொல்ல ஏலாது" என்றார் டொக்டர் குலசிங்கம். "தாயும் ரோசா, பிள்ளையும் ரோசா. பிறகேன் ஐயா இந்த லாப்?"

அந்தக் கேள்வியை நானும் அவ்வப்போது கேட்டதுண்டு. டொக்டர் அருளம்பலம் என்னைக் குழந்தையிடம் அனுப்பினார். குதிகாலில் குத்தி இரண்டு துளி எடுத்துவந்தேன். அந்த இரத்தம், சத்தி, தாயின் இரத்தம் மூன்றையும் ஒரே அளவு வெளிறும்வரை தண்ணீர் சேர்த்துச் சமப்படுத்தச் சொன்னார். புதிதாகக் காரம் விட்டோம். பெயர்களின் மேல் பிளாஸ்ரர் ஒட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று குழாய்களை மாற்றி அடுக்கினார். பிறகு யன்னலோரம் வந்து நெஞ்சை நிமிர்த்தினார்.

நான் முன்னால் போனேன். "நீர் இல்லை" என்றார். "டொக்டர் குலசிங்கம் பாக்கட்டும்."

இளைஞர் மூன்று குழாய்களையும் அந்த வெள்ளைச் சேட்டின் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வண்டியின் இயந்திரம் இருமி இருமி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையின் கத்தல் நிற்கவே இல்லை. அவர் அனுப்ப விரும்பியவர். எது எது என்று தெரிந்திருந்தால் அவருடைய கண் அவருக்கு உதவி செய்திருக்கும். தெரியாததால் அவருக்கு உள்ளதைத்தான் சொல்லவேண்டியிருந்தது.

"இது தெளிஞ்ச ரோசா" என்று ஒன்றைத் தனியே எடுத்தார். "மற்றது ரெண்டும் கலங்கல். ரெண்டும் ஒண்டு மாதிரி."

பிளாஸ்ரரை உரித்தார்கள். தெளிந்தது குழந்தையின் குதி இரத்தம். கலங்கிய இரண்டில் ஒன்று தாய். மற்றது சத்தி.

"நிறத்தை மட்டும் வச்சு எப்பிடி ஐயா விடுறது?" என்றார் டொக்டர் குலசிங்கம்.

"விட வேண்டாம். போய்த் தாயைப் பாருங்கோ. ரத்தம் அவவின்ர எண்டால் எங்கையோ ஒரு வாசல் இருக்கவேணும்."

வாசல் இருந்தது. மிஸி திரையை இழுத்துவிட்டுப் பார்த்தபோது பரீதாவின் இடது மார்புக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நோவு சாகடிக்கிற நோவு. ஆனாலும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மிஸி கேட்டதற்கு, திரைக்கு வெளியே நின்ற மதினியின் பக்கம் கண்ணால் காட்டினாளாம். பால் கொடுக்கத் தெரியாதவள் என்ற பட்டம் அவளுக்கு முதல் நாளே கிடைத்துவிட்டிருந்தது.

டொக்டர் அருளம்பலம் வாட்டுக்கு வருவது அபூர்வம். அன்று வந்தார். இது அவளுடைய இரத்தம், பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அவளுக்கும் ஒன்றுமில்லை, அவளுடைய உடம்பில் குழந்தைக்கால இரத்தம் இன்னும் கொஞ்சம் ஓடுகிறது, அவ்வளவுதான் என்று விளங்கப்படுத்தினார். முழு வாட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மதினி தலையை ஆட்டினார். "நான் அண்டைக்கே சொன்னன் டொக்டர், இவள் இன்னும் வளரல்லண்டு."

"அதாலதான் மதினி, உங்களோட காலந்தள்ள ஏலுது" என்றாள் பரீதா. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று மிஸி பிறகு சொன்னார்.

டொக்டர் குலசிங்கத்துக்கு மனம் ஆறவில்லை. குழந்தையின் நாடி பிடித்தார், வயிறு தடவினார், கண்மடலை விலக்கிப் பார்த்தார். இது பிழையாகிப்போனால் யார் பொறுப்பு என்று கேட்டார். "என்ர பேரை எழுதும்" என்றார் டொக்டர் அருளம்பலம். அப்போதும் இளைஞர் வண்டியை முற்றாக அனுப்பிவிடவில்லை. சாரதியைப் பார்த்து, இயந்திரத்தை நிறுத்தாமல் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு வரப்போகிறேன் என்று மழைக்குள் இறங்கிப் போனார். அந்த வண்டியை ஒருமுறை நிறுத்தினால் பிறகு தள்ள ஆள் தேடவேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

"வலது பக்கம் குடு, மகள்" என்றார் டொக்டர் அருளம்பலம் பரீதாவிடம்.

நான் நடைவழியில் நின்றேன். டொக்டர் குலசிங்கம் வண்டியின் கதவில் கைவைத்துச் சாரதியோடு கதைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஓயாத அந்தக் கத்தல் திடீரென்று நின்றது. அரைச் சத்தத்தில், வெட்டியது போல.

அவருக்கு நிறம் போய்விட்டது. கதவை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். சேற்றுச் சப்பாத்தோடு நடைவழியில் சறுக்கி, என்னையும் இடித்துக்கொண்டு, வாட்டுக்குள் பாய்ந்தார். பின்னால் நானும் ஓடினேன்.

மதினி கட்டிலை மறைத்து நின்று, உதட்டில் விரலை வைத்து அவரைத் தடுத்தார்.

"சத்தம் போடாதீங்க, டொக்டர் மகன். புள்ள குடிக்குது."